எழுதியவர் ஒருவர், பாடியவர் ஒருவர்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜானை மாபெரும் கலைஞர் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவற்றின் வரிகளை எழுதியவர் பெர்னி டாபின் என்று இப்போதுதான் அறிந்தேன். 2025இல் அமெரிக்கப் பாடகி பிராண்டி கார்லைலுடன் வெளியிட்ட ஆல்பத்திலும் டாபின், இசைத் தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் ஆகியோரின் பங்கு இருக்கிறது. எழுபதைத் தாண்டிய வயதிலும் தன் மனத்தைச் சொல்ல இன்னொருவர் கையை எதிர்பார்ப்பவரை எப்படிக் கலைஞர் என்பது? பாப் டிலன் தானே எழுதித் தானே பாடவில்லையா?

க., திருச்சி

அன்புள்ள க.,

1967இல் லிபர்ட்டி இசை நிறுவனம் புதியவர்களைத் தேடி விளம்பரம் கொடுத்தது. ரெஜினால்ட் ட்வைட் என்ற 20 வயது இளைஞர் போய், மெட்டுப் போட வரும், வரிகள் எழுத வராது என்று ஒளிக்காமல் சொன்னார். அவர்தான் பிறகு எல்டன் ஜான் ஆனார். அதே விளம்பரத்துக்கு இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமப்புறத்திலிருந்து 17 வயது டாபினும் எழுதியிருந்தார். அவருக்கு எழுத்து உண்டு, இசை இல்லை. அவருடைய கவிதைகள் இருந்த உறை எல்டன் கைக்குப் போனது. தனக்கு எது வராது என்பதை 20 வயதிலேயே இத்தனை தெளிவாகச் சொன்னவரை நான் குறைவாக நினைக்க மாட்டேன்.

மெட்டுக்கு வரி எழுதுவதுதான் நமக்குப் பழகிய முறை. இந்த இருவரிடம் வரிகள் எழுதிய தாள்தான் முதலில் வரும். ஒருவர் எழுதும்போது மற்றவர் அந்த அறையில் இருப்பதில்லை. எல்டனின் தாயார் வீட்டில் இருவரும் அடுக்குக் கட்டில் போட்டுத் தங்கியிருந்த காலத்தில், ஒரு காலைச் சிற்றுண்டியின்போது டாபின் எழுதிய வரிகள்தான் 1970இல் ‘யுவர் சாங்’ என்று வெளிவந்தன. தாளில் கிடக்கும் வரியில் எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் குரல் உயர வேண்டும் என்று கண்டுபிடிப்பது எல்டனின் வேலை. வெட்டவும் அவர் தயங்குவதில்லை. ‘டேனியல்’ பாடலின் நாயகன் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவன் என்று சொல்லும் கடைசிப் பகுதியை நீளம் கருதி நீக்கிவிட்டார். யார் இந்த டேனியல் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம், பாட்டும் நம்மை விடுவதில்லை. இவ்வளவு செய்பவரைக் கைகட்டிக் காத்திருப்பவர் என்று எப்படிச் சொல்வது?

டிலன் மீது எனக்கும் பேரன்பு உண்டு. ஆனால் அவருடைய 1976ஆம் ஆண்டின் ‘டிசயர்’ ஆல்பத்தில் ஒன்பது பாடல்களில் ஏழு, நாடக இயக்குநர் ழாக் லெவியோடு சேர்ந்து எழுதியவை.

உங்கள் கேள்வியில் ‘தன் மனம்’ என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. 1973இல் ‘குட்பை யெல்லோ பிரிக் ரோட்’ வந்தது. நகரத்துப் பகட்டை விட்டுவிட்டு மண்ணுக்கே திரும்புகிறேன் என்கிறது அந்தப் பாட்டு. அது பண்ணையில் வளர்ந்த டாபினின் ஏக்கம். மேடை வெளிச்சத்தில் திளைத்துக்கொண்டிருந்த எல்டன் அதைத் தன் ஏக்கம்போலவே பாடினார். இரண்டு ஆண்டுகளில் கணக்கு நேரானது, இம்முறை எல்டனின் துயரத்தை டாபின் எழுதினார். 1968இல், மனம் ஒப்பாத ஒரு திருமணம் நெருங்கிய வேளையில், எல்டன் உயிரை விட முயன்றார். அவரை அந்த நிலையில் கண்டவர் டாபின். திருமணம் வேண்டாம் என்று எடுத்துச் சொல்லித் தடுத்தவர் பாடகர் லாங் ஜான் பால்ட்ரி. எல்டன் தானே எழுதியிருக்க முடியாத அந்த இரவை, பக்கத்தில் இருந்து பார்த்த நண்பர் எழுதினார். அது 1975இல் ‘சம்வன் சேவ்ட் மை லைஃப் டுநைட்’ என்ற பாட்டாயிற்று. தன்னைப் பற்றி இன்னொருவர் எழுதியதை வாங்கி, ஊரறியப் பாடுவதற்கு எத்தனை துணிவு வேண்டும்! நம் துயரம் நமக்கே சரியாகத் தெரிவதில்லை, உடன் இருந்தவருக்குத் தெரிகிறது.

எழுபதுகளின் பிற்பகுதியில் இருவரும் சில காலம் விலகி இருந்தார்கள். எல்டன், கேரி ஆஸ்போர்ன் என்ற பாடலாசிரியரோடு 1978இல் ஒரு முழு ஆல்பமே செய்தார். ஆனாலும் 1983இல் ஒரு முழு ஆல்பத்துக்கு டாபினிடமே திரும்பினார். பின்னாளில் டிம் ரைஸின் வரிகளுக்கு மெட்டமைத்து ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் 2020இல் எல்டனும் டாபினும் சேர்ந்தே ஆஸ்கர் மேடை ஏறினார்கள்.

அந்த 1975ஆம் ஆண்டுப் பாட்டை ஒருமுறை கேளுங்கள். ஆறே முக்கால் நிமிடம் ஓடும். கேட்டுவிட்டு, அது யாருடைய மனம் என்று எனக்கு எழுதுங்கள்.