தோற்ற ஆட்டமும் வராத நித்திரையும்

கேள்வி: எனக்கு 43 வயது, கோண்டாவிலில் இருக்கிறேன். சென்ற சனிக்கிழமை என் பழைய பாடசாலையின் கூடைப்பந்து அணி இறுதிப் போட்டியில் ஒரே ஒரு புள்ளியால் தோற்றது. கடைசி நொடிகளில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (யாரும் மறிக்காமல் வளையத்துக்கு எறியும் வாய்ப்பு) ஒரு பையன் தவறவிட்டான். நாலு நாளாக எனக்கு நித்திரை இல்லை. அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் அந்தப் பையனைத் திட்டியும் எழுதிவிட்டேன். இரண்டு நாளாகப் பிறஷர் குளிசை போடவில்லை. "உங்களுக்கென்ன விசரே?" என்று மனைவி கேட்கிறா. இது ஏதும் வருத்தமா டொக்டர்?

பதில்: வருத்தமும் இல்லை, விசரும் இல்லை தம்பி. நானும் சீமெந்துத் தரையில் பந்தடித்து வளர்ந்தவன். முழங்காலில் உரஞ்சின தழும்பு இன்னும் இருக்கிறது. பாடசாலை தோற்ற நாளில் வீட்டில் சோறு இறங்காது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் குளிசை. இன்றைக்குரியதை இன்றே போடுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம். 2006 இல் ஜேர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்தபோது, ஜேர்மன் அணி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சை தேடியவர்கள் வழமையை விட இரண்டு மடங்குக்கும் மேல். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இதயத்துக்கே இந்தப் பாடு. பிறஷர் உள்ளவர் குளிசையும் போடாமல், நித்திரையும் கொள்ளாமல் இருப்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது. நெஞ்சு இறுக்கமோ, இடது கை, தாடைப் பக்கம் பரவும் நோவோ, மூச்சு முட்டலோ வந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

அடுத்தது அந்த வீடியோ. பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கிற அந்த இடம் வரும்போதெல்லாம் உங்கள் நெஞ்சு படபடக்கும். சனிக்கிழமை ஒருமுறை தோற்றதை இரவில் இருபது தரம் தோற்றால் நித்திரை எங்கிருந்து வரும்? அதை அழித்துவிடுங்கள். படுக்கப் போகும்போது போனை வேறு அறையில் வையுங்கள். பின்னேரத்தில் பண்ணைக் கடற்கரைப் பக்கம் ஒரு அரை மணித்தியாலம் நடந்துவிட்டு வாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குத் தங்கள் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களைக் காட்டி ஓர் ஆய்வு செய்தார்கள். 1992 இல் வெளியானது. அணி தோற்றதைப் பார்த்தவர்கள், அதற்குப் பிறகு தாங்களே செய்யப்போகிற சின்னச் சின்ன வேலைகளைக்கூடக் குறைவாகத்தான் செய்வோம் என்று நினைத்தார்கள். பந்தைத் தொடாதவர்கள் அவர்கள்! உங்களுக்கு இப்போது எல்லாமே தோற்றுப்போன மாதிரி இருந்தால், இந்த ஒரு கிழமைக்கு உங்கள் மனம் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள். முக்கியமான முடிவு எதையும் எடுக்கவும் வேண்டாம்.

எனக்கு உண்மையில் மனம் கனத்தது அந்தப் பையனை நினைத்துத்தான். ஃப்ரீ த்ரோக் கோட்டிலிருந்து பலகை வரை 4.6 மீற்றர், வளையம் 3.05 மீற்றர் உயரம். யாரும் மறிக்கமாட்டார்கள், பார்க்கச் சுகமானதுதான். ஆனால் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏயில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வீரர்களே சராசரியாக நாலில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். இவன் பாடசாலைப் பிள்ளை. கால் நடுங்க, சுற்றிவர மேளச் சத்தம் காதைப் பிளக்க, கடைசி நொடியில் நின்று எறிந்திருக்கிறான்.

1995 என்பிஏ இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஒர்லாண்டோ அணியின் நிக் அண்டர்சன், வெற்றி கைக்கெட்டிய கடைசி நொடிகளில் நாலு ஃப்ரீ த்ரோவை அடுத்தடுத்துத் தவறவிட்டார். ஆட்டமும் போனது, தொடரும் போனது. அதுவரை பத்தில் ஏழு போடக்கூடியவர், இரண்டு வருடத்தில் பத்தில் நாலுக்கு இறங்கிவிட்டார். வளர்ந்த, தொழில்முறை ஆட்டக்காரருக்கே அப்படியென்றால், பதினெட்டு வயதுப் பையன் தன் பாடசாலையின் பெரியவர்கள் எழுதியதை வாசித்தால் என்ன ஆகும்? அந்தக் குழுவில் அவனுடைய மாமனோ சித்தப்பனோ கட்டாயம் இருப்பார். யாழ்ப்பாணத்தில் எந்தச் செய்தி வீட்டுக்குப் போகாமல் நின்றது?

உங்களுக்கு நான் எழுதித் தரும் மருந்து இதுதான் தம்பி. திட்டிய அதே குழுவில், எல்லாரும் பார்க்க, "அண்டைக்கு நான் எழுதினது பிழை" என்று எழுதுங்கள். முடிந்தால் ஒரு பின்னேரம் மைதானத்துக்குப் போய் அவன் பழகுவதைப் பாருங்கள். பந்தைப் பொறுக்கிக் கொடுங்கள். தோல்வியைப் பற்றி ஒரு கதையும் வேண்டாம்.

இரண்டு கிழமைக்குப் பிறகும் நித்திரை வராவிட்டால், சாப்பாடு பிடிக்காவிட்டால், வேலைக்குப் போக மனம் வராவிட்டால், ஆட்டத்தை விட வேறு ஏதோ உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது வெட்கப்படாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்துக் கதையுங்கள். மற்றப்படி, வரும் திங்கட்கிழமை காலை பிறஷரை அளந்து, இலக்கத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள். அவன் எத்தனை போட்டான் என்பதையும் எழுதுங்கள்.