பக்கத்து பப்பின் கதவில் நீல நோட்டீஸ் கண்டால்

தம்பி, லண்டனுக்கு வந்து புதுவீட்டில் குடியேறிய கையோடு இந்தக் கவலையா! நீங்கள் கேட்டது இது: அடுத்த கட்டடத்து பப்பின் கதவில் நீல நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், பின்பக்கத் தோட்டத்தில் நள்ளிரவு வரை மது விற்க அனுமதி கேட்கிறார்கள், கைக்குழந்தை தூங்கும் அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். வேலை விசாவில் வந்திருக்கும் நாம் ஆட்சேபிக்கலாமா, பின்னால் விசாவுக்கு ஏதும் வந்துவிடுமா?

தாராளமாக ஆட்சேபிக்கலாம். விசாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்பனையைக் கட்டுப்படுத்துவது 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம். அதன்படி யார் வேண்டுமானாலும் கவுன்சிலுக்கு, அதாவது லைசென்ஸ் கொடுக்கும் உள்ளாட்சி மன்றத்துக்கு, கருத்து எழுதலாம். குடியுரிமை உண்டா, வீடு சொந்தமா வாடகையா என்று கேட்பதில்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தியரும் இலங்கையரும் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், முறையான விசாவில் இங்கே குடியிருந்தால் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். நம்மவர் பலர் இது தெரியாமலே வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். உங்கள் வார்டு கவுன்சிலர் உங்களுக்கும் கவுன்சிலர்தான், தயங்காமல் மின்னஞ்சல் போடுங்கள்.

இதில் மிக முக்கியமானது கெடு. விண்ணப்பம் கொடுத்த பிறகு கருத்துச் சொல்ல 28 நாள்தான். அதற்குள் காவல்துறையோ, சுற்றுச்சூழல் சுகாதார அலுவலரோ, அக்கம்பக்கத்தாரோ யாருமே எழுதாவிட்டால் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தே ஆகவேண்டும். விற்பனை நேரத்தைக் குறைக்கக்கூடக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. 'யாராவது எழுதுவார்கள்' என்று தெருவே சும்மா இருந்து, கடைசியில் ஒருவரும் எழுதாமல் போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

என்ன எழுதுவது? சட்டம் நான்கு நோக்கங்களைத்தான் பார்க்கிறது: குற்றமும் ஒழுங்கின்மையும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, குழந்தைகளுக்குத் தீங்கு வராமல் காப்பது. குடி கெட்டது, வீட்டு விலை இறங்கும், இவையெல்லாம் அங்கே எடுபடாது. உங்களுடையது பொதுத் தொல்லை. ஜன்னலுக்கும் தோட்டத்துக்கும் எவ்வளவு தூரம், இப்போதே எத்தனை மணிவரை பேச்சுச் சத்தம் கேட்கிறது, காலிப் பாட்டில்களைத் தொட்டியில் கொட்டும் சத்தம் எப்போது வருகிறது என்று பார்த்ததையும் கேட்டதையும் மட்டும், தேதியோடு எழுதுங்கள்.

இங்கே பலர் கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. லைசென்ஸ் மது விற்பதற்குத்தான், குடிப்பதற்கு இல்லை. உள்ளே கவுண்டரில் வாங்கிய கோப்பையைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய்க் குடிப்பதை, விற்பனை நேரத்தைக் குறைப்பதால் மட்டும் தடுத்துவிட முடியாது. அதனால் 'நிராகரியுங்கள்' என்று ஒரே வரியில் எழுதுவதைவிட, நிபந்தனை கேளுங்கள்: தோட்டத்தை இரவு 10 மணிக்கு மூடவேண்டும், அதற்குமேல் புகைபிடிக்க மட்டும் சிலர் வெளியே நிற்கலாம், வெளியே ஸ்பீக்கர் கூடாது, இரவில் பாட்டில் கொட்டக்கூடாது, அக்கம்பக்கத்தாரிடம் மேனேஜரின் போன் நம்பர் இருக்கவேண்டும். இப்படிக் குறிப்பாகக் கேட்டால் விசாரணைக்கு முன்பே பப்காரர்கள் ஒத்துக்கொள்வதும் உண்டு.

ஒத்துவராவிட்டால் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட குழு விசாரிக்கும். எங்கள் பகுதியில் நடந்த ஒரு விசாரணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வக்கீல் ஒருவர் நீளமாகப் பேசினார். பப்புக்கு அடுத்த வீட்டுப் பாட்டி, கோடையில் ஜன்னலைத் திறக்கமுடியாமல் படும் பாட்டை நாலு வாக்கியத்தில் சொன்னார். குழு அவரிடம்தான் அதிகம் கேள்வி கேட்டது. தோட்டத்துக்கு நேரம் குறைத்தார்கள், மற்றதைக் கொடுத்தார்கள். நல்ல ஆங்கிலம் வேண்டுமே என்று நீங்கள் பயப்படவேண்டாம், உங்கள் சார்பாக வேறொருவரும் பேசலாம். தீர்ப்பு பிடிக்காதவர்கள், நீங்களோ பப்போ, 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம்.

நீங்கள் எழுதுவது பெயர், முகவரியோடு பப்புக்கும் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால்தான் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள் என்கிறேன். டாஸ்மாக் வாசலை மனதில் வைத்துக்கொண்டு இவர்களைப் பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு சாப்பிட வருகிற இடம் அது. தனியாக இருக்கிற முதியவர்களுக்கு அன்றைக்குப் பேச்சுத்துணை கிடைப்பதும் அங்கேதான். எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த இடம் நன்றாக நடக்கவேண்டும், உங்கள் குழந்தையும் தூங்கவேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம், நடைபாதையில் மேசை போடுவதற்கு 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனி லைசென்ஸ். அதற்குக் கெடு இன்னும் குறைவு, 14 நாள்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அனுமதி கிடைத்துவிட்டாலும் கதவு மூடிவிடாது. தொல்லை தொடர்ந்தால் லைசென்ஸை மறுபரிசீலனை செய்யும்படி எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆதாரம் வேண்டும். இன்றிலிருந்தே ஒரு நோட்டில் தேதியும் நேரமும் குறித்து வாருங்கள். நோட்டீஸின் அடியில் கருத்துச் சொல்லக் கடைசித் தேதி இருக்கும். இன்று வேலைக்குப் போகும்போதே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.