கிரீஸ் நாட்டு வெள்ளை பீன்ஸ் தொண்டியில் காய்க்குமா?

கேள்வி: கப்பலில் வேலை பார்க்கும் மகன் கிரீஸிலிருந்து பெரிய வெள்ளை பீன்ஸ் விதை வாங்கி வந்தான். மாசியில் தொண்டிக்கு அருகே வீட்டுத் தோட்டத்தில் ஊன்றினேன். பந்தல் நிறையக் கொடி, வெள்ளைப் பூ. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தை விட்டுவிடுங்கள். இன்னும் யூரியா போட்டால் இலைதான் கூடும். சிக்கல் உங்கள் ஊர் வெக்கையில் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ரன்னர் பீன்ஸ். முளைத்தபோது பார்த்திருப்பீர்கள்: சாதாரண பீன்ஸ் தன் இரண்டு பருப்பையும் மண்ணுக்கு மேலே தூக்கி வரும். இதில் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், குருத்து மட்டும் எட்டிப் பார்க்கும். அடியில் கிழங்கும் வைக்கும்.

இதன் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைகள். ஐரோப்பாவுக்குப் போன பிறகும் குளிர்ந்த இடமாகப் பார்த்துத்தான் பேர் வாங்கியது. கிரீஸில் பிரெஸ்பா ஏரிக்கரையின் 'கிகாந்தெஸ்', அதைவிடப் பெரிய 'எலெஃபாந்தெஸ்' ரகங்கள் வளரும் இடம் சுமார் 850 மீட்டர் உயரம். ஸ்பெயினின் 'ஹூதியோன்' விளையும் லா கிராங்ஹா அதற்கும் மேலே. பல்கேரியாவின் ஸ்மில்யான் ரகமும் ரோடோபி மலைக்காரன். இது விளையும் போலந்தின் துனாயெட்ஸ் பள்ளத்தாக்கு அவ்வளவு உயரமில்லை, ஆனால் நாடே குளிர்.

பகல் 30 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பாம்பன் பக்கம் மார்கழியிலேயே இரவு 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம், பங்குனியைக் கேட்கவே வேண்டாம். இலை ஓரம் கருகியிருந்தால் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீன்ஸ் வகைகள் உப்பைத் தாங்காது. நிழல்வலை போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். இரவு வெக்கைக்கு வலை என்ன செய்யும்?

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் இது காய்க்க வாய்ப்புண்டு. ஆனால் தாவர நலச் சான்று இல்லாமல் வந்த விதையை அங்கே அனுப்பாதீர்கள். பீன்ஸ் நோய்கள் சில விதையோடுதான் பயணம் செய்கின்றன.

சரி, பந்தலுக்கு என்ன? என் முதல் தேர்வு மொச்சை. ஆடி, ஆவணியில் ஊன்றினால் பகல் குறையும்போது பூவெடுத்து, பொங்கலுக்குக் காய் கிடைக்கும். பெரிய விதைதான் வேண்டுமென்றால் வெள்ளைத் தம்பட்டை. வெயில் அதற்குப் பொருட்டே இல்லை. கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்கிற காட்டுக்கொடி அதன் பங்காளிதான். ஆனால் தம்பட்டையைப் பிஞ்சாகவே பறித்துச் சமையுங்கள். முற்றிய விதையில் நச்சுப்பொருள் உண்டு.

மீதமுள்ள கிரீஸ் விதை, மருந்து தடவாத சமையல் பயறு என்றால், கருவாட்டுக் குழம்பில் மொச்சைக்குப் பதிலாகப் போடலாம். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகு மெத்தென்று வேகவிடுங்கள். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்குதான்.