ஜாமீனும் பதினேழு திருத்தங்களும்

கேள்வி: டெக்சாஸில் கொலை, ஆள்கடத்தல் போன்ற வழக்குகளில் ஜாமீனை மறுக்க மக்களே வாக்களித்துவிட்டார்கள். இதிலுமா குறை காண்பீர்கள்?
- ஒரு வாசகர், டல்லாஸ்

பதில்: காண்பேன். முதலில் அந்த ‘மக்களே’. 2025 நவம்பர் 4 அன்று உங்கள் மாநிலத்தார் முன் வைத்தது ஒன்றல்ல, மாநில அரசியல் சட்டத்துக்கு 17 திருத்தங்கள். மூலதன லாப வரிக்குத் தடை, மறதி நோய் ஆராய்ச்சிக்கு 300 கோடி டாலர், வீட்டு வரிச் சலுகை, எல்லாம் ஒரே சீட்டில். பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்குகூட வாக்களிக்கவில்லை. பதினேழும் ஜெயித்தன. ஜாமீன் திருத்தம் 3ஆம் எண். ‘சில சூழ்நிலைகளில், பெருங்குற்றமாகத் தண்டிக்கத்தக்க சில குற்றங்கள் சாட்டப்பட்டவர்களுக்கு’ ஜாமீன் மறுக்க வேண்டும் என்பதுதான் சீட்டில் இருந்த விவரம். எந்தச் சூழ்நிலை, எந்தெந்தப் பெருங்குற்றம்? சீட்டில் கிடையாது. ஏறக்குறைய 61 சதவீதம் பேர் சரி என்றார்கள். நேரடி வாக்கெடுப்பைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களோடு பல வருஷமாகச் சண்டை போடுகிறேன், இனியும் போடுவேன்.

சரி, திருத்தத்துக்கு வருவோம். அதில் நல்லதும் உண்டு. வெளியே விட்டால் ஊருக்கு ஆபத்து என்பதை அரசுத் தரப்பு தெளிவான ஆதாரத்தோடு காட்ட வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவருக்கு அந்த விசாரணையில் வக்கீல் உண்டு. இவனை விடக்கூடாது என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டு, கட்டவே முடியாத தொகையைச் சொல்லி உள்ளே வைப்பதைவிட இது நேர்மையான வழி.

ஆனால் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள். 2016இல் பக்கத்து நியூ மெக்சிகோ ஒரே திருத்தத்தில் இரண்டையும் செய்தது: ஆபத்தானவரை ஜாமீன் இல்லாமல் வைக்கலாம், பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் வைக்கக் கூடாது. டெக்சாஸ் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. அந்த இரண்டாவது பாதி இல்லாததன் விலை என்ன? 2010இல் நியூயார்க் பிராங்க்ஸில் 16 வயசுப் பையனை முதுகுப்பை திருடியதாகப் பிடித்தார்கள். ஜாமீன் 3,000 டாலர். வீட்டில் கட்ட முடியவில்லை. மூன்று வருஷம் ரைக்கர்ஸ் சிறையில் கிடந்தான். கடைசிவரை விசாரணையே நடக்காமல் வழக்கைக் கைவிட்டார்கள்.

அப்புறம் எனக்கு உறுத்துவது இன்னொன்று. இந்த வழக்குகளில் ஜாமீன் கொடுத்தால் நீதிபதி காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது திருத்தம். மறுத்தால் எழுதச் சொல்லவில்லை. டெக்சாஸில் நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நிற்பவர்கள். விடுதலைக்குக் கையெழுத்திட்ட தாள் அடுத்த பிரச்சாரத்தில் எதிராளி கையில் இருக்கும். மறுத்தவருக்கு அந்தப் பயமே இல்லை. ஒருவரை உள்ளே வைப்பதற்கும் காரணம் எழுதியாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவரச் சொல்லி உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் போடுங்கள். எனக்குக் கேள்வி அனுப்பியதைவிடப் பலன் இருக்கும்.