குழி வேண்டாம், ஸ்டாண்ட் போதும்

கேள்வி: பொள்ளாச்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஸ்விஃப்ட் கார் வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றுவது போன்ற வேலைகளை நானே பார்க்க ஆசை. போர்டிகோவில் குழி எடுக்கலாமா, ஜாக்கியே போதுமா?

பதில்: குழி வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; குழிக்குள் இறங்கித் தங்கிவிடும். தீப்பிடிக்க சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும். மழைக்காலத்தில் தண்ணீரும் ஊறும்.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகாதீர்கள். ஹைட்ராலிக் ஜாக்கியில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஒரு சீல்தான். அது விட்டால் வண்டி இறங்கிவிடும். தூக்க டிராலி ஜாக்கி, தாங்க 3 டன் ஸ்டாண்ட் இரண்டு, இவை வாங்குங்கள். ஹாலோ பிளாக்கையும் செங்கலையும் முட்டுக் கொடுக்காதீர்கள். அவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்காமல் சட்டென நொறுங்கும்.

இதைவிட முக்கியம் தரை. மழைத்தண்ணீர் ஓட கேட் பக்கமாகக் கொத்தனார் வாட்டம் வைப்பார். கார் நிற்கும் இடத்தை மட்டம் பார்த்துப் போடச் சொல்லி, வாட்டத்தை அதற்கு வெளியே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு டைல்ஸ் வேண்டாம், வெறும் கான்கிரீட் போதும். அடியில் கலவை நிரம்பாத டைலைத் தட்டினால் டொக் டொக்கென்று கேட்கும். அப்படி ஒரு வீட்டில் டைல் உடைந்து, ஸ்டாண்டின் ஒரு கால் அரை அங்குலம் இறங்கி, கார் சாய்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அடியில் ஆள் இல்லை. பேவர் பிளாக்கும் சரிவராது. கார் மேலே எழும்போது டிராலி ஜாக்கி கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். அதன் சக்கரம் கல் இடுக்கில் மாட்டினால், ஜாக்கியின் தலை, காரைத் தூக்கும் இடத்திலிருந்து வழுக்கும்.

ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அதனால் பயனில்லை; அப்போது முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, கியரில் போட்டுவிடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கும்போது கட்டை பின்சக்கரத்துக்கு.

காரின் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில்தான் ஸ்டாண்டை வைக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றியிருந்தால், ஸ்டாண்ட் தவறினாலும் வண்டியைத் தாங்க, அதைக் கார் கதவுக்கு நேர் கீழே படுக்க வையுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று காரை இரு கையாலும் தள்ளிப் பாருங்கள். ஸ்டாண்ட் இம்மியளவு ஆடினாலும், இறக்கிவிட்டு முதலிலிருந்து தூக்குங்கள்.