சுரைப்பிஞ்சு உதிர்கிறதா? பூ விரியும் நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: மொட்டைமாடியில் சுரைக்கொடி நன்றாகப் படர்ந்து பூக்கிறது. ஆனால் பிஞ்சுகள் விரல் அளவிலேயே மஞ்சளாகி விழுகின்றன. தினமும் காலை 8 மணிக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுகிறேன். மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கிறேன். அப்படியும் ஒரு காய்கூட நிற்கவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் உதிர்ந்த பிஞ்சு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் புள்ளியும் அதில் பிசினும் இருந்தால் அது பழ ஈயின் வேலை. காயமே இல்லாமல் வெறுமனே மஞ்சளித்துச் சுருங்கியிருந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் பின்பற்றுவது பூசணிக்கான நேரம். பூசணி விடியலில் விரியும், முற்பகலிலேயே வாடும். அதற்குத் தேனீ போதும். சுரை அப்படியில்லை. வெயில் தாழ்ந்த பிறகுதான் விரியும், காலையில் துவண்டுவிடும். இருட்டிலும் தெரிகிற அந்த வெள்ளை நிறம் அந்துப்பூச்சிகளுக்கானது. பொழுது சாய்ந்ததும் கொடியருகே நின்று பாருங்கள். பூவில் உட்காராமல், அந்தரத்தில் சிறகடித்தபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும் பெரிய சாம்பல்நிற அந்து வந்தால் யோகம்தான்.

வரவில்லையா? மாலை 6 மணிக்கு மேல் நீங்களே செய்யுங்கள். அன்று விரிந்த ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டை நகத்தில் தேய்த்தால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். பெண் பூவின் நடுவில் சூல்முடி மூன்று மடலாக இருக்கும். மூன்றிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகிவிடும்.

அப்புறம் அந்த வேப்பெண்ணெய். மாலையில் தெளிக்கச் சொல்வது தேனீக்களைக் காப்பாற்றத்தான். சுரைக்கு அதுதான் பூ விரியும் நேரம்! வெயில் ஏறுமுன் அதிகாலையில், பூக்களை விட்டுவிட்டு இலையின் அடிப்பக்கம் மட்டும் தெளியுங்கள்.

மாடியில் இரவு முழுக்க விளக்கு எரிகிறதா? சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. விளக்கொளி விழுந்த செடிகளுக்கு இரவுப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்திருந்ததாம். பூக்கும் காலத்திலாவது விளக்கை அணைத்துவையுங்கள்.

பீர்க்கும் மாலையில் விரிவதுதான், புடலை இரவில். பாகலுக்கு மட்டும் காலையில் போனால் போதும்.

தடவிய பூக்களின் காம்பில் நூல் கட்டி வையுங்கள். சேர்ந்திருந்தால் சில நாளில் பிஞ்சு பருப்பது தெரியும். அப்போதும் உதிர்ந்தால், கொடி வளரும் பை சின்னதா, தண்ணீர் போதவில்லையா என்று பார்க்க வேண்டும்.