பகையாளிகள் கைகுலுக்கினால் மூன்றாமவருக்கு என்ன? – வேலூர் வாசகர் கேள்வி பதில்

கல்லூரியில் உலக அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் நம் வாசகர் குழுவில் இந்த மாதம் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். வல்லரசுகளுக்குள் பதற்றம் தணிந்தால் ராஜதந்திரம் எப்படி மாறுகிறது என்பதுதான் தலைப்பு. எல்லோருக்கும் ஒரே நீளத்தில் பதில் கிடைக்காது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காட்பாடி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: சார், பதற்றத் தணிவு என்றால் இரண்டு நாடுகளும் நண்பர்களாகிவிட்டன என்று எழுதலாமா?

எழுதாதீர்கள் தம்பி, மார்க் போய்விடும். பகை அப்படியேதான் இருக்கும். அதை நடத்தும் விதம்தான் மாறும். 1962இல் கியூபா ஏவுகணை விவகாரத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதப் போரின் விளிம்பு வரை போய்த் திரும்பின. மறு வருஷமே வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு போட்டார்கள். சினிமாவில் காட்டுகிற சிவப்பு டெலிபோன் இல்லை அது, எழுத்தை அனுப்பும் டெலிபிரின்டர். வாய்ப்பேச்சில் அவசரப்பட்டு ஒரு வார்த்தை விழுந்துவிடும். எழுத்து என்றால் மொழிபெயர்த்து, யோசித்து, பதில் போடலாம்.

1972 மே மாதம் அமெரிக்க அதிபர் நிக்சன் மாஸ்கோ போனபோது அணு ஏவுகணைகளுக்கு வரம்பு கட்டும் சால்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது எல்லோருக்கும் தெரியும். அதே பயணத்தில் இரு நாட்டுக் கடற்படைகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன, அதை யாரும் சொல்வதில்லை. ஒருவர் கப்பலை இன்னொருவர் உரசிப் போகக்கூடாது, பீரங்கியைத் திருப்பிக் குறிவைத்து மிரட்டக்கூடாது என்பது மாதிரி ஏற்பாடு. ஏவுகணை எண்ணுகிற செயற்கைக்கோளுக்கு இடைஞ்சல் செய்யமாட்டோம் என்றும் எழுதிக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள், வேவு பார்ப்பதற்கு எதிரியே சம்மதம் கொடுக்கிறான்! தலைவர்கள் விமானம் ஏறிய பிறகு ஜெனீவாவில் நிரந்தரக் குழு ஒன்று உட்கார்ந்து, புகார்களை வருஷக்கணக்கில் பேசித் தீர்த்தது. அதனால் போட்டோவைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கூட்டறிக்கையைப் படியுங்கள்.

சத்துவாச்சாரி: மூன்றாம் உலகப் போர் வருமா?

ஜோசியம் பார்ப்பதில்லை.

ஆம்பூர், தோல் வியாபாரம்: அப்பா காலத்தில் ரஷ்யா ஆர்டர் குவியும் என்பார். பனிப்போர் முடிந்ததும் அது நின்றது. சமாதானம் வந்தால் வியாபாரம் பெருக வேண்டாமா?

நம்ம ஊர்க் கேள்வி, இதற்குத்தான் காத்திருந்தேன். உங்கள் அப்பா சொன்னது சரி. சோவியத் நம்மிடம் ஷூ, ஷூ அப்பர் எல்லாம் வாங்கியதற்கு டாலர் தேவைப்படவில்லை. ரூபாய்க் கணக்கில் வரவு வைத்து, நாம் அங்கிருந்து வாங்கிய எந்திரம், எண்ணெய், ஆயுதத்துக்குக் கழித்துக்கொள்வார்கள். அந்த ஏற்பாட்டில் பாதி வியாபாரம், பாதி அரசியல். இந்தியாவை அமெரிக்கப் பக்கம் போகவிடாமல் வைத்திருப்பதில் மாஸ்கோவுக்கு அக்கறை இருந்தது. போட்டி தணியத் தணிய அந்த அக்கறையும் தேய்ந்தது. 1991 டிசம்பரில் சோவியத்தே இல்லை. டாலர் கொடு என்றால் ரஷ்யாவிடம் டாலர் ஏது?

மேற்கே திரும்பலாம் என்றால் அங்கே வேறு கதை. அதே சமயத்தில்தான் பி.சி.பி. என்ற பூஞ்சைக்கொல்லி ரசாயனம் கலந்த தோல் வேண்டாம் என்று ஜெர்மனி தடை போட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பழைய வாடிக்கை போனது, இன்னொரு பக்கம் புதிய வாடிக்கை பரீட்சை வைத்தது. இரண்டு பெரியவர்கள் சண்டை போடும்போது நடுவில் இருப்பவனுக்குச் சலுகை உண்டு. சண்டை ஓய்ந்தால் சலுகையும் ஓயும்.

வேலூர், லாட்ஜ் நடத்துபவர்: காந்தி ரோட்டில் வங்கதேச நோயாளிகளை நம்பித்தான் இருக்கிறோம். 2024க்குப் பிறகு கூட்டம் குறைந்தது. உறவு சரியானால் திரும்புமா?

2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறியதும் இந்தியா விசாவைச் சுருக்கியது. மருத்துவம், அவசரம் என்று கொஞ்சம்தான். உறவு கெட்டால் முதலில் மூடுகிற குழாய் விசா, சரியானால் முதலில் திறப்பதும் அதுதான். அமைச்சர்கள் சந்திப்பதைப் பார்க்காதீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை விசா என்பதைப் பாருங்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நோயாளி வேறு நாட்டுக்குப் போகப் பழகியிருந்தால் அவரைத் திருப்பிக் கொண்டுவருவது உங்கள் கையில்தான்.

குடியாத்தம்: பையனுக்கு அமெரிக்க விசா கிடைக்குமா?

என் கடைச் சரக்கு இல்லை. தூதரக இணையதளம் பாருங்கள்.

ஆரணி: 1971இல் சோவியத்தோடு ஒப்பந்தம் போட்டதும் அணிசேராக் கொள்கை செத்துவிட்டது. ஒத்துக்கொள்கிறீர்களா?

ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தேதிகளைப் பாருங்கள். 1971 ஜூலை தொடக்கத்தில் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் டெல்லிக்கு வந்து பேசிவிட்டுப் பாகிஸ்தான் போனார். அங்கே வயிற்று வலி, மலைவாசஸ்தலத்தில் ஓய்வு என்று கதை கட்டிவிட்டு ஜூலை 9இல் ரகசியமாகச் சீனாவின் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இறங்கினார். அவசரத்தில் மாற்றுச் சட்டை எடுத்துவைக்காமல் உதவியாளரிடம் இரவல் வாங்கினார், அந்தச் சட்டையில் 'தைவானில் தயாரித்தது' என்று இருந்ததாம். சிரிப்பாக இருக்கிறதா? டெல்லி சிரிக்கவில்லை. அமெரிக்கா–சீனா பகை தணிகிறது, தூது போனது பாகிஸ்தான், கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9இல் சோவியத் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

ஆரணி மறுபடி: அந்த ஒப்பந்தப் பேச்சு 1969லேயே தொடங்கியது. கிஸ்ஸிஞ்சர் போகாவிட்டாலும் போட்டிருப்பார்கள்.

பேச்சு தொடங்கியது உண்மை. இரண்டு வருஷம் இழுத்தது ஏன்? இந்திராவுக்குத் தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தைப் போக்கியது பீக்கிங் பயணம். ஒன்பதாவது ஷரத்தைப் படியுங்கள். தாக்குதலோ மிரட்டலோ வந்தால் உடனே கலந்து பேசுவோம் என்றுதான் இருக்கிறது, படை அனுப்புவோம் என்று இல்லை.

கம்மவான்பேட்டை, முன்னாள் ராணுவ வீரர்: கலந்து பேசுவதா? டிசம்பரில் பாகிஸ்தானோடு போர் நடக்கையில் அமெரிக்காவின் என்டர்பிரைஸ் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தபோது சோவியத் கப்பல்களும் பின்னாலேயே வந்தன ஐயா. சீனாவும் எல்லையில் அசையவில்லை. காகிதம் இல்லாமலா?

உங்களிடம் வாதாட மாட்டேன், நீங்கள் சொல்வது என் பக்கம்தான். ஆரணிக்காரருக்குச் சொல்லுங்கள்.

ஆரணி: அப்போ சோவியத் முகாம்தானே?

முகாமில் இருப்பவன் ராணுவத் தளம் கொடுப்பான். நாம் கொடுக்கவில்லை. இதோடு இதை முடிப்போம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆற்காடு: உலகப் போர் எப்போது...

மேலே பாருங்கள்.

வாலாஜா, ஆசிரியை: 1975 ஹெல்சிங்கி மாநாட்டால் சோவியத்துக்கு லாபமா நஷ்டமா?

அன்றைக்கு லாபம், பிற்பாடு நஷ்டம் டீச்சர். 35 நாடுகள் ஐரோப்பிய எல்லைகளை பலவந்தமாக மாற்றமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தன. மாஸ்கோ கேட்டது அதைத்தான். பதிலுக்கு மனித உரிமை வாசகங்களை ஏற்றது, யார் படிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பில். மறு வருஷமே மாஸ்கோவில் ஒரு குழு, 1977இல் செக்கோஸ்லோவாக்கியாவில் 'சாசனம் 77' என்ற மனித உரிமை இயக்கம், அதே வாசகங்களைக் காட்டிக் கேள்வி கேட்டன. படியுங்கள் என்று நான் தொண்டை கட்டக் கத்துவது இதற்குத்தான்.

காட்பாடி: அப்படியென்றால் இந்தியா–சீனா?

2020 ஜூனில் லடாக் எல்லையில் கல்வானில் 20 வீரர்களை இழந்தோம். 2024 அக்டோபரில் ரோந்து ஏற்பாடு, ரஷ்யாவின் கசானில் மோடி–ஷி சந்திப்பு, 2025இல் மீண்டும் கைலாச யாத்திரை, நேரடி விமானம். படைகள் நேருக்கு நேர் நிற்பது விலகியிருக்கிறது. பின்னால் குவித்தவை முழுதாகத் திரும்பவில்லை. தேர்வில் இந்த இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

பேரணாம்பட்டு: சார், போர் வந்தால் தங்கம் ஏறுமா?

நகைக் கடையில் கேளுங்கள்.